தேதி, நேரம், இடம்

"கோர்ட்டு உத்தரவையே அவன் மதிக்கல வக்கீலம்மா. கன்டெம்ப்ட் போடுங்க."

குடியாத்தத்திலிருந்து வந்த அந்தப் பெண் பீடி சுற்றிப் பிழைப்பவர். வேலூர் கோர்ட்டுக்கு வரும் நாளில் கூலி கிடையாது. கணவர் மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொல்லி உத்தரவாகியும் பத்து மாதமாக ஒரு ரூபாய் வரவில்லை. நான் தனியாகத் தொழில் செய்யத் தொடங்கி இரண்டாவது வருடம். அவருக்கிருந்த கோபம் எனக்கும் இருந்தது. மறுவாரமே கன்டெம்ப்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு மனுவைத் தயார் செய்துவிட்டேன்.

குடும்ப நீதிமன்ற உத்தரவை ஒருவர் மீறினால், 1971-ஆம் வருட அவமதிப்புச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. காட்பாடியில் ரயில் பிடித்து சென்னைக்கு அலைந்தோம். எட்டு மாதம் கழித்துக் கிடைத்த பதில்: பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, அங்கே போங்கள்.

அந்தத் தனி வழியில் ஒரு கெடு இருக்கிறது. தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் வாரண்ட். அவர் என்னிடம் வந்த அன்று பத்து மாதப் பாக்கியும் கெடுவுக்குள் இருந்தது. சென்னையிலிருந்து திரும்பியபோது ஆறு மாதத் தொகை கெடுவைத் தாண்டிவிட்டது. 18,000 ரூபாய். அவர் சுற்றும் பீடிக் கணக்கில் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "அவனை உள்ள போட்டா துட்டு வருமா வக்கீலம்மா?"

அந்தக் கேள்வியை நான்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அவமதிப்புக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். அந்த அபராதமும் அரசுக்குப் போகும், அவருக்கு வராது. ஜீவனாம்ச வாரண்டில் ஆளைத் தொரப்பாடி ஜெயிலுக்கே அனுப்பினாலும் பாக்கி கழியாது என்று 1980-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடு வாரண்டுக்குத்தான், கடன் அப்படியே நிற்கும், சிவில் வழியில் வசூலிக்கலாம் என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. படித்த அன்றே அவருக்குப் போன் செய்தேன். அந்த எண் வேறு யாரிடமோ போயிருந்தது.

இப்போது கட்சிக்காரர் உட்கார்ந்ததும் மூன்று விஷயம் கேட்கிறேன். கணவர் எங்கே வேலை செய்கிறார், சம்பளம் எந்த பேங்கில் விழுகிறது, வீடோ வண்டியோ யார் பேரில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் பி.எஃப். பிடிக்கிற ஆள் என்றால் சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய வைக்கலாம். 2020-க்குப் பிறகு இரண்டு பேரும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். அதை நான் வரி வரியாகப் படிக்கிறேன். வாரண்ட் போனால் "ஆள் ஊரில் இல்லை" என்று திரும்பி வருவதும் உண்டு. ஆள் பிடிபட்ட அன்று அண்ணனோ மாமனோ பணத்தோடு சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு ஓடி வருவதும் உண்டு.

பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு விதம். அதைப் பணமாக வசூலிக்க முடியாது, ஜப்தி செய்யவும் முடியாது. போன சனிக்கிழமை போனது போனதுதான். அவமதிப்பு என்ற ஆயுதம் இங்கேதான் நிஜமாகவே தேவைப்படுகிறது. ஆனால் வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு தகப்பனாரின் உத்தரவில் இருந்தது ஒரே வரி: "மாதம் இருமுறை குழந்தையைப் பார்க்கலாம்." எந்த நாள், எங்கே, யார் அழைத்து வருவது, எதுவும் இல்லை. அவர் போனபோது பையன் தூங்கினான், டியூஷன் போனான், காய்ச்சலில் படுத்தான். இதில் எதை மீறல் என்று காட்டுவது?

பையனின் அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பக் கேட்டு மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏழு வயதுப் பையன் அதை வாழ்நாள் முழுக்க யார் கணக்கில் எழுதுவான்? உத்தரவைத் திருத்தக் கேட்டு அதே குடும்ப நீதிமன்றத்துக்குப் போனோம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, காலை 10 முதல் 1 வரை, கோட்டைப் பூங்கா, அழைத்து வருவது தாய்மாமன் என்று எழுதி வாங்கினேன். இனி மீறினால் தேதியோடு காட்டலாம். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் பையன் வந்த நேரத்தை எழுதச் சொன்னேன்.

அடுத்த வாய்தாவுக்கு நோட்டோடு வந்தார். 10.20, 10.45, "வரவில்லை", 10.10. கடைசித் தேதிக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"இதை ஏன் சார் விட்டுட்டீங்க?"

"அன்னைக்கு மாமனை விட்டுட்டு ஓடி வந்தான் மேடம். மணி பாக்கல."

நோட்டை மூடி அவரிடமே கொடுத்தேன்.