மொறிஸ் மைனர் காரின் இழுப்பு நின்றது: டிஸ்ரிபியூட்டருக்குள் இருந்த இரண்டு அங்குல வயர்

நேற்றுப் பின்னேரம் என் பழைய மொறிஸ் மைனர் காரில், திருகோணமலை அனுராதபுரச் சந்தியில் தொடங்கி, சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தேன். போகும்போதும் வெட்டி வெட்டி இழுக்கவில்லை, வரும்போதும் இழுக்கவில்லை. நாலு மாதம் மினக்கெட்டது இந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான். வந்து இறங்கியவுடன் பொனற்றைத் திறந்து, சூடாக இருந்த டிஸ்ரிபியூட்டரை, அதாவது ஸ்பார்க்கை நாலு பிளக்குக்கும் பங்கிடும் பெட்டியை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் அப்பா ஓடியது. 1963 மொறிஸ் மைனர், 1098 சிசி, லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டர், இன்னும் பொசிட்டிவ் எர்த்தில்தான் (பற்றறியின் பொசிட்டிவ் முனை உடலோடு) இருக்கிறது. வருத்தம் இதுதான்: ஸ்டார்ட் உடனே வரும், ஐடிலில் வடிவாக நிற்கும். நாலாம் கியரில் போட்டு, காலை மெல்ல வைத்து சமதரையில் ஓடத் தொடங்கினால் இழுக்கும். பாம்பு நெளிந்த மாதிரி ஒரு ஓட்டம். காலை முழுதாக அழுத்தினால் திடீரென்று சரியாகிப் பாயும். திரும்பக் காலைத் தளர்த்தினால் பழைய கதை.

பார்த்தவர்கள் எல்லோரும் பெற்றோல் என்றார்கள். கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். பம்பைத் திறந்து அதன் பாயின்ற்றைத் துடைத்தேன். பிறகு கொண்டென்சர் மாற்றினேன், பிளக் நாலும் மாற்றினேன், கடைசியில் ஸ்பார்க்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் கொயிலும் மாற்றினேன். பழைய கொயிலில் எந்தக் குறையும் இல்லை, அளந்தால் பிரைமரி 3 ஓம் காட்டுகிறது. அதைக் கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

வழியைக் காட்டியவர் கிண்ணியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நானா ஒருவர். நான் வேறு வேலையாகப் போயிருந்தேன். கதையோடு கதையாகச் சொன்னபோது, "முழுசா அழுத்தினா ஓடுதெண்டா அது பெற்றோல் இல்ல தம்பி. பெற்றோல் காணாட்டி அழுத்தும்போதுதான் இன்னும் மோசமாகும்" என்றார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மெல்லக் கால் வைத்து ஓடும்போது மட்டும் எஞ்சினில் என்ன நடக்கிறது? வக்குவம் அட்வான்ஸ் இழுக்கிறது, அதாவது எஞ்சினின் உறிஞ்சல் ஒரு குழாய் வழியாக டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பிளேட்டைத் திருப்பி, ஸ்பார்க்கைக் கொஞ்சம் முந்த வைக்கிறது. ஐடிலில் அந்தக் குழாய்க்கு வக்குவம் போகாது, முழுதாக அழுத்தினாலும் வக்குவம் விழுந்துவிடும். இடையில் மட்டும்தான் அந்தப் பேஸ் பிளேட் திரும்பும். பாயின்ற், அதாவது கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் சின்ன சுவிச், இருப்பது அதன் மேல்தான். பிளேட் திரும்பும்போது அதோடு சேர்ந்து வளைவது இரண்டு வயர்கள்: வெளியேயிருந்து பாயின்ற்றுக்கு வரும் சின்ன வயர், பிளேட்டை உடலோடு இணைக்கும் எர்த் வயர்.

இதைச் சோதித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் தேடியபோது தமிழில் எங்கேயும் கிடைக்கவில்லை.

டிஜிட்டல் மீற்றர் இதற்குச் சரிவராது. ஒரு கணம் விட்டுப் பிடிப்பதை அது காட்டுவதற்குள் நேரம் போய்விடும். பார்க் லைற்றில் போடும் 5 வாற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பிடித்து, ஒன்றை கொயிலில் பாயின்ற் பக்கம் போகும் சிபி முனையிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்தேன். பாயின்ற் மூடியிருந்தால் பல்ப் எரியாது, திறந்தால் எரியும். பாயின்ற்றை மூடி வைத்து, சுவிச்சைப் போட்டு, கார்பரேற்றர் பக்கம் கழற்றிய வக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது!

ஆனால் அது பொய். பாயின்ற்றைத் தள்ளித் திறக்கும் கேம், திறக்கப் போகும் இடத்துக்குக் கிட்ட நின்றிருக்கிறது. பிளேட் திரும்பியதும் பாயின்ற் தானாகவே திறந்துவிட்டது. அட்வான்ஸின் வேலையே அதுதானே. இதைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பின்னேரம் போனது. சரியான முறை இது: நாலாம் கியரில் போட்டு வண்டியை முன்னுக்குத் தள்ளி, பாயின்ற் மூடிய உடனே நிறுத்த வேண்டும். அங்கிருந்து கேம் ஏறக்குறைய 60 பாகை திரும்பும் வரை பாயின்ற் மூடியே இருக்கும், பிளேட் எவ்வளவு திரும்பினாலும் திறக்காது. அப்படி வைத்து உறிஞ்சியபோதும் பல்ப் எரிந்தது. முழுப் பிரகாசமாக இல்லை, துடித்துத் துடித்து எரிந்தது. அப்போதுதான் நம்பினேன். சுவிச்சை மட்டும் நீண்ட நேரம் போட்டு வைக்க வேண்டாம், 4 அம்பியர் போய்க்கொண்டே இருந்தால் கொயில் கொதிக்கும்.

பிளேட்டுக்கும் உடலுக்கும் ஒரு கிளிப் வயர் போட்டுப் பார்த்தேன். அதற்கும் துடிப்பு நிற்கவில்லை. ஆகவே எர்த் இல்லை, பாயின்ற்றுக்குப் போகும் சின்ன வயர்தான். கழற்றிப் பார்த்தால் வெளித்துணி அப்படியே இருக்கிறது. விரலால் வளைத்தால் நடுவில் ஒரு இடம் மட்டும் நூல் மாதிரித் தொய்கிறது. துணியை உரித்தேன். உள்ளே இருந்த செம்பு இழைகளில் முழுதாக மிஞ்சியது இரண்டோ மூன்றோதான், மற்றதெல்லாம் பச்சைக் களிம்பு. கடற்காற்று இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. உப்புவெளிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் இந்த வயரையும் ஒரு தரம் வளைத்துப் பாருங்கள்.

இனி மாற்றிய கதை. முதல் தடவை சாதாரண கார் வயரைச் சோல்டர் பண்ணிப் போட்டேன். அது விறைப்பு. பிளேட்டைத் திரும்பி வரவிடாமல் பிடித்துக்கொண்டது, ஐடில் ஏறியே நின்றது. இரண்டாம் தடவை ஸ்பீக்கர் வயர். மெல்லிய இழை, நன்றாக வளைந்தது, மூன்று கிழமை ஓடியது. பிறகு சோல்டர் முடியும் இடத்தில் சரியாக அறுந்தது. சோல்டர் உருகும்போது இழைகளுக்குள் ஏறி, அந்த அரை அங்குலத்தை ஒரு கம்பியாக்கிவிடுகிறது. வளைவு முழுக்க அந்தக் கம்பியின் நுனியில் விழுகிறது. இந்த இடத்தில் சோல்டரே பிழை, நெரித்துப் பிடிக்க வேண்டும். இதை நான் எவரோடும் வாதாடத் தயார்.

மூன்றாம் தடவை போட்டது மின்சாரம் அளக்கும் மல்ற்றிமீற்றரோடு வரும், சிலிக்கன் உறையுள்ள வயர். கொழும்பு போன தம்பியிடம் சொல்லி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு மல்ற்றிமீற்றர் எடுப்பித்தேன். அதன் வயர் கயிறு மாதிரி விழுகிறது, சூட்டுக்கும் இளகாது. இரண்டு பக்கமும் வயர் நுனிக்குப் போடும் தகட்டுக் காது வைத்துக் குறட்டால் நெரித்து, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்தேன். பாயின்ற் பக்கக் காது மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்து நடுத்தண்டில் தொட்டது. தொட்டால் மின்சாரம் நேரே எர்த்துக்குப் போய், ஸ்பார்க்கே வராது. அரத்தால் தேய்த்துச் சரிசெய்தேன். வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு, கேமிலும், சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைக் கொடுக்கும் ரோட்டரிலும் உரசாமல் சுவரோரமாக வளைத்தேன். கடைசியாக பாயின்ற் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15), பிறகு பல்ப்பை மாட்டித் திரும்ப உறிஞ்சல். பத்துத் தரம் உறிஞ்சினேன், ஒரு தரமும் எரியவில்லை. அந்த இருட்டுப் பல்ப்பைப் பார்த்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

மல்ற்றிமீற்றருக்கு 900 ரூபாய் கொடுத்தேன், அதன் ஒரு வயரில்தான் கைவைத்தேன். காதுகள் இரண்டும் 40 ரூபாய். தேவையில்லாமல் வாங்கிய கொயிலின் விலையை இங்கே எழுதப் போவதில்லை.

ரோட்டர் பற்றியும் ஒரு சொல். இப்போது கடைகளில் வருவதில் பித்தளைத் தகட்டை ஆணி அறைந்து பிடித்திருக்கிறார்கள். சிலதில் அந்த ஆணி வழியாக ஸ்பார்க் தண்டுக்கு இறங்கிவிடுகிறது, சூடானபின் வண்டி நின்றுவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில் ஆணி இல்லாதது சிலநேரம் அகப்படும். கிடைத்தால் இரண்டாக வாங்கி வையுங்கள். எனக்கும் ஒன்று தேவை.

எர்த் வயர் இன்னும் பழையதுதான். அதற்கும் அதே வயதுதானே, மிச்ச வயரில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிளேட்டை முழுதாகக் கழற்ற வேண்டும், அந்தச் சின்ன ஸ்குரூ இரண்டும் கறள் பிடித்து இறுகிப்போயிருக்கின்றன. நேற்று ஓடி வந்த கையோடு எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். நவம்பர் மழை தொடங்க முதல் அது கழன்றால், அடுத்த ஓட்டம் நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரை.