முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குக் கிளம்புமுன்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. அதன் கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். வேலை முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் இருக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் நிறைய பேருக்குக் குடி நடக்கிறது. கூட்டம் முதலில் செய்யும் உபகாரம் அந்த நேரத்தை அடைத்துவிடுவது. அதனால் ‘நல்ல குரூப் எது’ என்று விசாரிப்பதைவிட, வேலையிடத்திலிருந்து நேராகப் போகக்கூடியது எது, வழியில் வழக்கமான கடை குறுக்கிடுமா என்று பாருங்கள். டாஸ்மாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் பேருந்தை மாற்றுங்கள்.

காலையில் கண் விழித்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் அடங்கும் என்கிற நிலையில் இருப்பவர் கூட்டத்துக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, கடும் காய்ச்சல் வரலாம். உயிரே போகலாம். இதை வைராக்கியத்தால் தாண்ட முடியாது. மருந்தும் பி1 வைட்டமினும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446 அல்லது மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இரண்டும் கட்டணமில்லை.

அப்படி அட்மிட் ஆனால், டிஸ்சார்ஜுக்கு முன்பே அங்குள்ள ஆலோசகரிடம், “எங்க ஏரியா ஏ.ஏ. மெம்பர் ஒருத்தரோட பேச வைங்க” என்று கேளுங்கள். துண்டுச்சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தால் பலர் போவதில்லை. ஒருவர் கூட வந்து அழைத்துப் போனால் போகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. சிகிச்சையோடு சேர்த்து முறையாக ஏ.ஏ.வில் இணைத்துவிடுவது, தொடர்ந்து குடிக்காமல் இருக்க மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்பது அதன் முடிவு.

கூட்ட விவரம் ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் இடம் பெரும்பாலும் இரவலாக வாங்கியது: சர்ச் வளாகத்து அறை, பள்ளி வகுப்பறை, மருத்துவமனை ஹால். பரீட்சை, திருவிழா என்றால் மாறிவிடும். அன்று மதியமே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் அப்படியே கடைக்குப் போவதுண்டு. சர்ச்சில் நடப்பதால் அது மதக் கூட்டம் ஆகிவிடாது. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது; கடைசியில் வரும் காணிக்கைப் பையில் முதல்முறை வருபவர் எதுவும் போட வேண்டாம். ஏ.ஏ. எந்த மறுவாழ்வு மையமும் நடத்துவதில்லை. ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது அட்மிஷன் பணம் கேட்டால் அது வேறு வியாபாரம்.

உள்ளே ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒவ்வொருவராகத் தன் அனுபவத்தைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் வராது. உங்கள் முறை வந்தால் “இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். முழுப்பெயர் தேவையில்லை. கொஞ்சம் போட்டுவிட்டு வந்தவரைக்கூட, அமைதியாக இருந்தால், பொதுவாக உட்கார விடுவார்கள். ‘குடிக்காதவரும் வரலாம்’ என்கிற திறந்த கூட்டமும் உண்டு; தயக்கம் இருப்பவர் அதில் தொடங்கலாம்.

கூட்டத்தின் பாதிப் பலன் அது முடிந்த பிறகு, டீ குடிக்கிற பத்து நிமிடத்தில் இருக்கிறது. பிரார்த்தனை முடிந்ததும் நழுவி ஓடுபவர்தான் சீக்கிரம் காணாமல் போகிறார். நின்று நாலு பேர் நம்பரையாவது வாங்குங்கள். மறுநாளே, நாக்கு ஊறாத நேரத்திலேயே, ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிப் பழகுங்கள். பழக்கமில்லாத நம்பரை அந்த நெருக்கடியில் யாரும் அழுத்துவதில்லை. ஸ்பான்சர், அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த மெம்பர் வேண்டுமென்றால், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், குறைந்தது ஒரு வருஷமாவது குடிக்காமல் இருப்பவர். அவரிடம் கைமாற்று வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மெம்பரின் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம், ஏ.ஏ.வே அதை ஏற்பதில்லை.

ஒரு குரூப் பிடிக்கவில்லை என்றால் வேறு குரூப்புக்குப் போங்கள். ஆறு கூட்டமாவது பார்த்துவிட்டு முடிவு செய்வது நியாயம். “என் நிலைமை அவங்க அளவுக்கு மோசமில்ல” என்று தோன்றுவதுதான் பலரையும் திருப்பி அனுப்புகிறது. கூடவே நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது: மாலை போட்டால் 48 நாள் தொடுவதே இல்லை, அப்புறம் நான் எப்படிக் குடிநோயாளி? நிறுத்த முடிகிறதா என்பது அல்ல கேள்வி, மலையிறங்கிய பிறகு முதல் டம்ளரோடு நிற்க முடிகிறதா என்பதுதான்.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் நிறுத்தாமலே இருந்தாலும் மனைவியோ அம்மாவோ போகலாம். சாம்பாரில் கலந்துகொடுக்க மாத்திரை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாத்திரையான டைசல்ஃபிராம் அவருக்குத் தெரியாமல் உள்ளே போய், அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து தொடரும். அது அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டுமே.