ஜீஸ் பெண்டுக்குத் தனியாக

அக்டோபர் 3, வியாழன். மான்ட்கோமரி

ஏழு மணிக்கு முன்பே அட்லாண்டாவை விட்டுக் கிளம்பிவிட்டதால் நெரிசலில் மாட்டவில்லை. அலபாமா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஆனால் இருட்டும் கடிகாரப்படி அவ்வளவு முன்னால் வந்துவிடும், இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிற நான் அதை மறக்கக் கூடாது. "தனியாவா போற?" என்று அம்மா நேற்று போனில் கேட்டாள். ஆமாம்மா, தனியாகத்தான். ஒரு தையல் முன்னால் அரை மணி நேரம் நிற்பதற்குத் துணைக்கு வருகிறவர்கள் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஜீஸ் பெண்ட், அலபாமா ஆற்றின் வளைவில் கறுப்பின மக்கள் வாழும் கிராமம். சனிக்கிழமை அங்கே குவில்ட் விழா. குவில்ட் என்றால் துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. அதற்குத்தான் போகிறேன். ஆனால் விழாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தத் துணி எந்த மண்ணில், யார் வீட்டில், எந்தக் குளிருக்காகத் தைக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் தையல் கண்ணில் படுகிறது.

முதல் நிறுத்தம் டஸ்கீகி. 1881-இல் புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்விக்கூடம். அடிமைத்தனம் ஒழிந்து 16 ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத காலம். மாணவர்களே செங்கல் அறுத்து, சூளை போட்டுக் கட்டிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. இங்கே ஆசிரியராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை நிலக்கடலை விஞ்ஞானி என்றுதான் பள்ளியில் படித்தோம். அவர் பின்னல் வேலையும் ஊசி வேலையும் செய்தவர், அலபாமாவின் செம்மண்ணிலிருந்து வண்ணம் எடுத்தவர் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அந்தக் கார்வரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

ரோசா பார்க்ஸ் பிறந்ததும் இதே டஸ்கீகியில்தான், 1913-இல். அம்மாவும் பாட்டியும் அவருக்குச் சிறு வயதிலேயே குவில்ட் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மத்தியானம் மான்ட்கோமரிக்கு வந்து, பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காக அவர் கைதான இடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1955 டிசம்பர் 1 அன்று அவர் பஸ் ஏறியது ஒரு பெரிய துணிக்கடையின் தையல் பிரிவில் வேலை முடிந்து. அன்று முழுக்க ஊசி பிடித்த கை அது. பிறகு 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸைத் தொடாமல் நடந்தார்கள்.

மாலையில் குன்றின் மேல் இருக்கும் நினைவிடம். 1877-க்கும் 1950-க்கும் இடையே வெள்ளையர் கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்காக 2018-இல் திறந்தது. கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். உள்ளே போகப் போகத் தரை இறங்குகிறது, தூண்கள் தலைக்கு மேலே தொங்க ஆரம்பிக்கின்றன. அதைப் பற்றி இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி. கேம்டன்

ஹைவே 80-இல் செல்மாவுக்கு. 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல் நடந்தார்களே, அதே பாதை. நான் அதை எதிர்த்திசையில், ஏசி காரில் கடக்கிறேன். பாதி வழியில், லௌண்டஸ் கவுன்டியில், கூடார ஊர் இருந்த இடம். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்ததற்காக நிலச்சொந்தக்காரர்கள் வெளியே துரத்திய குத்தகை விவசாயிகள் அங்கே கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். இது ஞாயிற்றுக்கிழமை போகப்போகிற இடத்துக்கும் சேரும் என்பதால் குறித்து வைக்கிறேன்.

எட்மண்ட் பெட்டஸ் பாலத்தை நடந்தே கடந்தேன். நடுவில் உயர்ந்து வளைந்திருப்பதால், உச்சிக்கு வரும்வரை அடுத்த கரையில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் இப்படித்தான் ஏறி வந்தார்கள். உச்சியிலிருந்து பார்த்தபோதுதான் தடியோடு நின்ற போலீஸ் வரிசை தெரிந்திருக்கும். தெரிந்தும் இறங்கினார்கள். முன்வரிசையில் நடந்து, போலீஸ் அடியில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ் பின்னாளில் எங்கள் அட்லாண்டாவின் காங்கிரஸ் உறுப்பினரானார். பாலத்துக்கு இன்னமும் ஒரு கான்ஃபெடரேட் (அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின்) படைத்தலைவரின் பெயர்தான்.

வழியில் ஓல்ட் கஹாபா. 1820-களில் அலபாமாவின் தலைநகரம், இன்று ஆளில்லாத காடு. ஒரு மாளிகையின் செங்கல் தூண்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அழகான இடம், ஆனால் மனம் ஆற்றின் வளைவில்தான் இருந்தது.

தனியாக வருபவர்கள் செல்மாவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பைன் காடும் பருத்தி வயலும்தான். போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருந்தேன்.

அக்டோபர் 5, சனி. ஜீஸ் பெண்ட்

அலபாமா ஆறு இங்கே ஒரு பெரிய வளையம் போட்டுத் திரும்புகிறது. மூன்று பக்கமும் தண்ணீர். அந்த வளையத்துக்குள் இருக்கும் கிராமம்தான் ஜீஸ் பெண்ட். அரசுப் பெயர் பாய்கின். கவுன்டித் தலைநகரான கேம்டனிலிருந்து படகில் போனால் கொஞ்ச நேரம், சாலையில் சுற்றினால் ஏறத்தாழ 40 மைல். இங்குள்ளவர்கள் வாக்குரிமைக்காகக் கேம்டனுக்கு வரத் தொடங்கியதும், 1962-இல் படகை நிறுத்திவிட்டார்கள். மீண்டும் விட்டது 2006-இல். 44 வருடம்! ஒரு குழந்தை பிறந்து, பாட்டியாகும் அளவு காலம். இப்போது ஓடுவது மின்கலப் படகு, சத்தமே இல்லை. கார்களோடு நானும் ஏறி நின்றேன். அக்கரையில் இறங்கும்போது தொண்டை அடைத்தது.

1816-இல் ஜோசப் ஜீ என்பவர் இங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-இல் அது மார்க் பெட்வே கைக்கு வந்தது. அடிமைகளுக்கும் அவர் பெயரே குடும்பப் பெயரானது. அதனால்தான் குவில்ட் தைப்பவர்களில் இத்தனை பெட்வேக்கள். 1932-இல் கடனுக்கு ஈடாக இந்தக் குடும்பங்களிடமிருந்து தானியம், கால்நடை, கலப்பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியவர்களின் பேத்திகள்தான் இன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

குளிர் வருவதற்கு முன்னால் குவில்ட்களை வெளியே கொடியில் போட்டுக் காற்றாட விடுவது இங்கே பழைய வழக்கம். 2022 முதல் அதையே விழாவாக நடத்துகிறார்கள். சாலையோரம், திண்ணை, வேலி, கொடி, எங்கே பார்த்தாலும் துணி. நடக்க நடக்க வந்துகொண்டே இருக்கிறது.

அட்லாண்டா ஹை மியூசியத்தில் ஜீஸ் பெண்ட் குவில்ட்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், மேலிருந்து விழும் விளக்கு, தொடக் கூடாது. நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு எழுதியிருப்பார்கள். தப்பில்லை, அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. ஆனால் இங்கே காற்று அடித்து, ஒரு குவில்ட் திரும்பி அதன் அடிப்பக்கம் தெரிந்தபோது ஒரு வித்தியாசம் புரிந்தது. அடித்துணியில் வரிசை வரிசையாக நூலோட்டம், ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் வளைந்து, தைத்தவரின் கை எட்டும் தூரத்துக்கு ஏற்றபடி. சுவரில் அறைந்த குவில்ட்டில் அந்தப் பக்கம் தெரியாது.

அதிகம் பார்த்தது 'ஹவுஸ்டாப்' அமைப்பு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டை, அதைச் சுற்றி இன்னொரு பட்டை. கேட்டால் எளிது. ஆனால் பட்டைகளின் அகலம் ஒன்றாக இருக்காது. ஒரு மூலையில் சிவப்பு தீர்ந்துபோய்ப் பழுப்பு தொடரும். தீர்ந்துபோனதாலா, வேண்டுமென்றேவா? நான் பேசிய ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். "ரெண்டும்தான், பேபி" என்றார். துணி தீர்ந்தபோது கண் வேறொன்றைத் தேடும், தேடிப் பழகிய கண்ணுக்குப் பிறகு தீராவிட்டாலும் மாற்றத் தோன்றும் என்று விளக்கினார். வடிவமைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வேலைத்துணியில் தைத்த குவில்ட்கள் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். ஜீன்ஸின் முட்டிப் பகுதி வெளுத்திருக்கும், பையைப் பிரித்த இடம் மட்டும் அடர்நீலமாக இருக்கும். அந்த வித்தியாசத்தை யாரும் சாயம் போட்டு உண்டாக்கவில்லை, வயலில் நின்ற வெயில் அது. 1942-இல் இந்த ஊர்ப் பெண் மிசோரி பெட்வே, கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடைகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். அவர் நினைவாக இருக்கட்டும், அதைப் போர்த்திக்கொள்ளலாம் என்று. மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கு உள்ளே வைத்த பஞ்சும் ஆலைத் தரையில் கூட்டி அள்ளிய பஞ்சாக இருந்திருக்கும். அதை அடித்துப் பரப்பித்தான் அந்நாளில் நடு அடுக்கு வைப்பார்கள்.

நம் பக்கத்திலும் இதற்குச் சொந்தம் இருக்கிறது. வட கர்நாடகத்தில் வாழும் சித்தி இன மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பழைய சேலைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். அது ஹவுஸ்டாப் இல்லை, இங்கிருந்து அங்கே யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எல்லாப்பூர் பக்கம் போய் அவர்களைப் பார்க்க வேண்டும்.

விலை பற்றி ஒன்று. பெரிய குவில்ட்கள் ஆயிரக்கணக்கான டாலர். பக்கத்தில் ஒருவர் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், எனக்குக் கோபம் வந்தது. பல மாத உழைப்பு அது. முடியாவிட்டால் சின்னத் துண்டு வாங்கலாம், நான் அதைத்தான் செய்தேன். தைத்தவர் கையில் நேராகக் காசு கொடுத்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு. ஆல்பர்ட்டா வழியாக வீட்டுக்கு

கிளம்பும்போதே மேகமூட்டம். ஆல்பர்ட்டாவில், குவில்ட் தைக்கும் பெண்களின் ஃப்ரீடம் குவில்டிங் பீ கூட்டுறவு இயங்கிய கட்டடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு.

1966-இல் தொடங்கியது. ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் ஒரு கொடியில் குவில்ட் தொங்குவதைப் பார்த்து, இவற்றை நியூயார்க்கில் ஏலம் விடலாம் என்று யோசித்ததில் ஆரம்பம். எஸ்டெல் விதர்ஸ்பூன் பல ஆண்டுகள் நடத்தினார். வாக்காளராகப் பதிந்ததால் வீடிழந்த குடும்பங்கள் இங்கேயும் இருந்தன. கூட்டுறவு நிலம் வாங்கி அவர்களுக்கு மனை விற்றது. அங்கே கூடாரம், இங்கே குவில்ட் விற்ற காசில் வாங்கிய நிலம். இதற்காகத்தான் வெள்ளிக்கிழமை லௌண்டஸில் நிறுத்தினேன்.

1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் (கோடு கோடாகப் புடைத்த துணி) தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. பெரிய கடைகளுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி வேண்டும். பகலில் அப்படித் தைத்த பெண்கள், மீந்த கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்தார்கள். எழுபதுகளின் அந்தக் கடுகு மஞ்சளும் அவகாடோ பச்சையும் ஜீஸ் பெண்ட் குவில்ட்களுக்குள் வந்தது அப்படித்தான். நேற்று ஒரு கொடியில் அந்த மஞ்சளைப் பார்த்தேன். கார்டுராய் தடிமனானது, ஊசி இறங்காது. அதில் கையால் நூலோட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த விரல்களைப் பற்றி என்ன சொல்ல!

அடுத்தது ஏப்ரலில் பதூகா, கென்டக்கி. தேசியக் குவில்ட் அருங்காட்சியகம் 1991 முதல் அங்கே இருக்கிறது, குவில்ட் வாரமும் ஏப்ரலில்தான். அதே ஊரில் 1909-இல் தொடங்கிய ஹோட்டல் மெட்ரோபாலிட்டன். வேறு விடுதிகள் கதவை மூடிய காலத்தில் கறுப்பினப் பயணிகள் தங்கிய இடம், நடத்தியவர் மேகி ஸ்டீட் என்ற பெண்மணி. குவில்ட் அரங்குக்கு ஒரு நாள் என்றால் அதற்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் தங்கத் தோதான இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.