பாரன்ஹீட் பிறந்த ஊர்

ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்று, வெப்ப அளவைக்குப் பெயர் தந்த பாரன்ஹீட் பற்றிய கட்டுரையைத் திறந்தேன். 1686-இல் டான்சிக்கில் பிறந்தவர். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் கதான்ஸ்க்.

அந்த அடைப்புக்குறி லேசில் வந்ததில்லை.

ஊர் ஒன்றுதான். ஜெர்மன் மொழியில் டான்சிக், போலிஷ் மொழியில் கதான்ஸ்க். கட்டுரையைத் தொகுப்பவர்களில் ஒருவர் பெயரை மாற்றுவார், இன்னொருவர் மீளமைப்பார், அதாவது பழையபடியே ஆக்குவார். கட்டுரைக்குக் கட்டுரை இதே சண்டை. கடைசியில் 2005-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள்.

முடிவு இதுதான்: 1308 முதல் 1945 வரையான காலத்தைப் பற்றி எழுதினால் டான்சிக். அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க். 1308 டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் கிறித்தவப் போர்த்துறவிகள் நகரைக் கைப்பற்றிய ஆண்டு. 1945-இல் அது போலந்துக்குப் போனது. முதல் முறை குறிப்பிடும்போது மற்றப் பெயரையும் சேர்த்துத் தர வேண்டும்.

யார் பக்கம் நியாயம் என்று அந்த வாக்கெடுப்பு கேட்கவே இல்லை. எந்த ஆண்டுக்கு எந்தப் பெயர் என்றுதான் கேட்டது. அதனால்தான் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

புதிதாகத் தொகுக்க வருபவர்கள் இடறுவது வேறு இடத்தில். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம். வெவ்வேறு வரிகளை மாற்றியிருந்தாலும் கணக்கில் சேரும். 25-ஆவது மணியில் நான்காவதைச் செய்து தப்பிக்கவும் முடியாது, நோக்கத்தைப் பார்ப்பார்கள். முதல் மீளமைப்பு நடந்ததுமே, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுங்கள், கையில் ஆதாரத்தோடு. மாற்றத்தோடு எழுதும் சிறு குறிப்பான தொகுப்புச் சுருக்கத்தில் வாதாடாதீர்கள், அங்கே பதில் சொல்ல இடமில்லை.

சண்டை முற்றினால் நிர்வாகி பக்கத்தைப் பூட்டுவார். அந்த நொடியில் எந்த வடிவம் இருந்ததோ, பெரும்பாலும் அதுவே நிற்கும்.