மருமகளுக்கும் அதே மாத்திரை வேணுமாம்

காட்பாடியில் எங்களுக்கு ஒரு சின்ன மெடிக்கல் கடை இருக்கிறது. நான் டி.ஃபார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) படித்தவள். காலையில் நான் உட்காருவேன், சாயங்காலம் வீட்டுக்காரர். போன வாரம் எங்கள் தெரு அத்தை ஒருவர் வந்து, "நீ மாசமா இருந்தப்போ போட்டியே சுகர் மாத்திரை, அதுல ரெண்டு அட்டை குடும்மா" என்றார். யாருக்கு என்று கேட்டேன். மருமகளுக்காம், அஞ்சாம் மாசம். சுகர் இருக்கிறதா என்றால், டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்தான் என்கிறார். "அவளும் உன்ன மாதிரி கொஞ்சம் பூசினாப்ல இருப்பா இல்ல? புள்ள ரொம்பப் பெருசாயிட்டா ஆபரேஷன் ஆயிடுமேன்னுதான் கேக்கறேன்."

கொஞ்சம் பூசினாற்போல் என்று அவர் சொன்னது மரியாதைக்கு. முதல் செக்கப்பில் நான் 88 கிலோ, உயரம் 156 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு 36 வருகிறது. இந்தியக் கணக்கில் 25 தொட்டாலே உடல் பருமன் என்று எழுதிவிடுவார்கள்.

அத்தையின் யோசனையைக் கேட்டு சிரிக்க முடியவில்லை. வெளிநாட்டில் பெரிய டாக்டர்களே இதைத்தான் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். குண்டான தாய்க்குப் பெரிய குழந்தை பிறப்பது அதிகம். அந்தத் தாய்க்கு சுகர் இல்லாவிட்டாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அப்படியானால் அத்தை கேட்ட அந்த சுகர் மாத்திரை, மெட்ஃபார்மின், கொடுத்தால் குழந்தையின் எடை கட்டுக்குள் வருமா? பிரிட்டனில் எம்பவர் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2015-ல் வந்தது. பி.எம்.ஐ. 30-க்கு மேல், சுகர் இல்லாத கர்ப்பிணிகள் 449 பேர். பாதிப் பேருக்கு நாளைக்கு 2,500 மி.கி. வரை மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு மாத்திரை போட்டவர்களின் குழந்தைகள் சராசரி 3,463 கிராம். மெட்ஃபார்மின் போட்டவர்களின் குழந்தைகள் 3,462 கிராம். ஒரே ஒரு கிராம்! வித்தியாசம் வந்தது வயிற்றுப்போக்கில்தான். அது மெட்ஃபார்மின் போட்டவர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, அந்த 449 பேரும் வெள்ளைக்காரப் பெண்கள், நம் உடம்பு வேறு என்று சொல்லலாம். நியாயமான கேள்விதான். லண்டன் பக்கம் இன்னொரு ஆய்வு, 2016-ல் வந்தது. பி.எம்.ஐ. 35-க்கு மேற்பட்டவர்களுக்கு நாளைக்கு 3 கிராம் வரை கொடுத்தார்கள். அங்கேயும் குழந்தை எடை மாறவில்லை. தாய்க்கு ஏறிய எடை மட்டும் குறைவு, 6.3 கிலோவுக்குப் பதில் 4.6. பி.பி. ஏறி வரும் ப்ரீ-எக்லாம்ப்சியாவும் குறைந்தது, 11.3 சதவீதத்திலிருந்து 3-க்கு. இது சாதாரண விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தை கேட்டது அதற்கு இல்லை. பிள்ளை பெருசாகக்கூடாது என்று கேட்டார். அதற்கு இந்த மாத்திரை பயன்படவில்லை.

சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு மட்டும் குடுத்தாங்க" என்றார்.

எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்பதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி), அதற்காக மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டிருந்தேன். கர்ப்பம் உறுதியானதும் டாக்டரம்மா குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட் எழுதினார். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. சென்னை டாக்டர் வி.சேஷய்யா வலியுறுத்திய முறை இது. வெறும் வயிற்றோடு வா என்றால் கிராமத்துப் பெண்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று புரிந்து செய்தது. அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்க வேண்டும்? இந்த டெஸ்டில் 140-க்குள் இருந்தால் சுகர் இல்லை. எனக்கு 112. உடனே டாக்டரம்மா மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்றைக்கும் நான் அதே 88 கிலோதான். எடை இருக்கிறது என்பதற்காக மாத்திரையைத் தொடரவில்லை.

ஆறாம் மாசம் முடியும்போது மறுபடி அதே தண்ணி. நல்ல சித்திரை வெயிலில், மின்விசிறி கூட அனல் வீசும் நாளில், அந்தத் தித்திப்பைக் குடித்துவிட்டு வாந்தி வராமல் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை 158.

அப்போதும் மாத்திரை இல்லை. முதலில் இரண்டு வாரம் சாப்பாடும் நடையும்தான். எங்கள் வீட்டில் கேவுரு களி என்றால் சுகருக்கு மருந்து என்றே நினைப்பு. அம்மா தலகாணி அளவுக்கு ஒரு உருண்டை வைத்துவிட்டு, "இது சுகர் ஏத்தாதுடி" என்பாள். கேழ்வரகும் மாவுச்சத்துதானே, அளவு பெருசானால் ஏறத்தான் செய்யும். உருண்டையைப் பாதியாக்கி, பக்கத்தில் கீரையும் மொச்சைக்கொட்டையும் அதிகமாக்கினோம். வளைகாப்பு வந்தது வேறு. சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டேன், புளிசாதம் கொஞ்சம், அவ்வளவுதான். பெரியம்மா ஒருத்தி கடைசி வரை கோபித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 134. அது 120-க்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து. நம் அரசாங்க வழிகாட்டுதலில் இன்சுலின்தான் முதல் தேர்வு, 20 வாரத்துக்குப் பிறகு மெட்ஃபார்மினும் கொடுக்கலாம். டாக்டரம்மா இரண்டையும் எடுத்துச் சொன்னார். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. மெட்ஃபார்மின் போகும். 2008-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 751 கர்ப்பிணிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பிரசவ நேரத்துப் பிரச்சினைகளில் மெட்ஃபார்மின் இன்சுலினுக்குக் குறைந்து போகவில்லை. ஆனால் மெட்ஃபார்மின் போட்டவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கூடவே இன்சுலினும் தேவைப்பட்டது. அந்தக் குழந்தைகளைப் பின்னாலும் பார்த்திருக்கிறார்கள். அடிலெய்டில் ஏழு வயதில் வித்தியாசம் இல்லை. ஆக்லாந்தில் ஒன்பது வயதில் மெட்ஃபார்மின் குழந்தைகள் கொஞ்சம் பருமனாக இருந்தார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் கட்டுப்படாத சுகரும் குழந்தைக்குள் போகிறதே, அதற்கு என்ன சொல்வது?

மெட்ஃபார்மினில் ஆரம்பித்தோம். காலை 500, ராத்திரி 500, சாப்பாட்டோடு. வாயெல்லாம் இரும்பு ருசி. எட்டாம் மாசத்தில் அந்த 46 சதவீதத்தில் நானும் சேர்ந்தேன், ராத்திரிக்கு ஒரு இன்சுலின் ஊசி. தினமும் பத்துப் பேருக்கு இன்சுலின் எடுத்துக் கொடுக்கிறவள், என் தொடையில் குத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பெண் குழந்தை, 3.1 கிலோ.

இப்போது புதிதாக வேறொன்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், எடை குறைக்கும் ஊசி. அந்த ஊசியில் இருக்கும் செமாக்ளுடைடும் சுகருக்கு வந்த மருந்துதான். இதில் யோசிக்கவே இடமில்லை. குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்று அதன் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. எடை குறைந்ததும் மாதவிலக்கு ஒழுங்காகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிப்பதும் நடக்கிறது. பி.சி.ஓ.டி. இருக்கிறவர்கள் "எனக்கெல்லாம் எங்க நிக்கப்போகுது" என்று இருக்காதீர்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போனால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் அலுக்காமல் கேட்பது வேறு ஒன்று: பிரசவத்துக்கு அப்புறம் சுகர் பார்த்தாச்சா? பிரசவம் ஆனதும் மாத்திரையும் ஊசியும் பெரும்பாலும் நின்றுவிடும், அதோடு சுகர் போயிடுச்சு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு வாரம் கழித்து அந்தத் தித்திப்புத் தண்ணியை இன்னொரு முறை, இந்தத் தடவை வெறும் வயிற்றில், குடிக்க வேண்டும். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 சுகர் நோய் வரும் வாய்ப்பு அதிகம், எடையும் இருந்தால் இன்னும் அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போட நாள் தவறாமல் போகிறார்கள். அதே நாளில் தனக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு நார்மல் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்தது தை மாசம்.