பட்டறையைக் காலி செய்கிறோம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

அப்பா ஒருவழியாக ஒப்புக்கொண்டார். வாயால் சொல்லவில்லை. சாவிக்கொத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற மிஷின்) பட்டறைக்கு வாடகை மட்டும் தவறாமல் போகிறது. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, ஆனாலும் சர்க்கரை வலது கண்ணைக் கெடுத்துவிட்டதால் அளவு பார்க்கிற வெர்னியரில் கோடு தெரிவதில்லை. நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், தங்கச்சி ஓசூரில். ஐடிஐ முடித்த பையன்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மிஷின் பக்கம் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சாயங்காலம் சூரமங்கலம் போய் ஷட்டரைத் தூக்கினேன். மூலையில் பெருக்காமல் விட்ட கடைசல் குப்பை. சின்ன வயதில் பட்டறையில் எனக்குக் கொடுத்த ஒரே வேலை பெருக்குவதுதான், அதனால் குப்பையைப் பார்த்தே என்ன உலோகம் என்று சொல்லிவிடுவேன். மைல்ட் ஸ்டீல் நீளச் சுருளாக வரும், காலைக் கிழிக்கும். வார்ப்பிரும்பு கரித்தூள் மாதிரி கொட்டும், மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். பித்தளை பொடிப்பொடியாகத் தெறிக்கும், அதைத் தனி டப்பாவில் அள்ள வேண்டும், ஏனென்றால் அது காசு. இன்றைக்குக் கிடந்தது வார்ப்பிரும்புத் தூள். கடைசியாகக் கடைந்தது ஏதோ லாரியின் பிரேக் டிரம்மாக இருக்கும்.

ஜூன் 11, புதன்

பட்டியல் போட்டாயிற்று. 6 அடி பட்டாலா லேத், 4½ அடி சின்ன லேத், 18 அங்குல ஷேப்பர், பில்லர் டிரில், பவர் ஹாக்சா, கிரைண்டர், வெல்டிங் செட். பட்டாலா என்பது பஞ்சாபில் இருக்கிற ஊர், அங்கிருந்து லேத்துகள் நாடெங்கும் போயிருக்கின்றன. எங்களுடையதை அப்பா 1987இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தது என்று அம்மா சொல்லிக்காட்டுவார்.

ராத்திரி அப்பாவிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எழுதிக்க" என்று ஒவ்வொரு மிஷினின் குறையாகச் சொல்ல ஆரம்பித்தார். பட்டாலாவில் சக் (கடைகிற பொருளைப் பிடித்துச் சுழற்றுகிறது) பக்கத்தில் பெட், அதாவது அடித்தளம், தேய்ந்திருக்கிறது, வெட்டுகிற உளியைச் சுமந்து அதன்மேல் நகர்கிற கேரேஜ் அங்கே லூசாக ஓடும், எதிர் முனையைத் தாங்குகிற டெயில் ஸ்டாக் பக்கம் இறுக்கும். டெயில் ஸ்டாக்குக்கு அடியில் 3 தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) தகடு ஒன்று வைத்திருக்கிறார், அதை எடுத்துவிட்டால் நீளமான வேலை டேப்பர் அடிக்கும், ஒரு முனை சிறுத்துவிடும். டிரில்லின் மேஜை ஒரு பக்கம் அரை நூல் சாய்ந்திருக்கிறது. (ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரே பேச்சில் நூல், தவ், மில்லி மூன்றும் வரும், கேட்கிறவர் பாடு.) நான்கு பக்கம் எழுதினேன். விற்கப்போகிற பொருளின் குறையை இப்படி எழுதி வைக்கிறவரை என் ஆபீசில் பார்த்ததே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

புரோக்கர் வந்தார். அந்த நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏம்பாப்பா, இதை யார்கிட்டயும் காட்டிடாதே, பாதி விலைக்குக் கேப்பான்" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "அந்தாளுக்குக் காட்ட வேண்டாம். வாங்கறவங்களுக்குக் காட்டு."

ஜூன் 22, ஞாயிறு

டிரில் போய்விட்டது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டிலிருந்து வந்தார்கள். காப்பிப் பழத்தின் தோல் உரிக்கிற பல்ப்பர் ரிப்பேருக்கு ஒவ்வொரு தடவையும் சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கிறதாம், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு துளை போடுவதற்கு. சாய்ந்த மேஜையைப் பற்றி நான் சொன்னதற்கு, "எங்க எஸ்டேட்ல எதுங்க சாயாம இருக்கு" என்று சிரித்தார். 14,000. வாங்கினவர் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பெஞ்ச் வைஸையும் கொசுறாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் அது 6 அங்குல நல்ல வைஸ் என்று தெரிந்தது. என் புத்தி.

ஜூன் 29, ஞாயிறு

ஷேப்பரை யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் ஒரு போன் கூட வரவில்லை. இப்போது எல்லாம் மில்லிங் மிஷினில் முடிந்துவிடுகிறது, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிச் செதுக்குகிற இதற்கு யாருக்குப் பொறுமை. காயலான் கடைக்குத்தான் போட்டோம். எடை மேடையில் 940 கிலோ, கிலோ 36 ரூபாய், மொத்தம் 33,840.

இதைப் பற்றி இரண்டு வரி கூட எழுத வேண்டும். எங்கள் பட்டறை நின்றதே சேகோ (ஜவ்வரிசி) ஆலை வேலையில்தான். மரவள்ளிக் கிழங்கு தோண்டினால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும், லோடு லோடாக வாசலில் நிற்கும்போது கிழங்கைத் துருவுகிற ராஸ்பரின் ஷாப்ட் முறிந்தால் ஆலைக்காரர் ராத்திரி பதினோரு மணி என்றெல்லாம் பார்க்க மாட்டார், ஷாப்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்பா லேத்தில் புது ஷாப்ட் கடைவார், மேஸ்திரி ஷேப்பரில் சாவி உட்காருகிற பள்ளத்தை (கீவே) வெட்டுவார், விடிவதற்குள் ஆத்தூர் ரோட்டில் வண்டி போய்விடும். சீசன் மாதங்களில் அந்த ஷேப்பர் ஆடுகிற சத்தத்தில்தான் மேஸ்திரியின் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தார்கள். அந்த மேஸ்திரிக்குத் தகவல் சொன்னேன். வந்தார், மிஷினைக் கடப்பாரையால் நெம்பிப் பைப் உருளையில் ஏற்றுகிற வரைக்கும் நின்றார், அதன் ஆடுகிற பாகமான ராம் மேல் இருந்த ஆயில் கப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். காயலான் கடைக்காரர் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

ஜூலை 6, ஞாயிறு

பட்டாலாவுக்கு ஆள் வந்துவிட்டார், பெருந்துறைப் பக்கம். இதுவரை வந்தவர்கள் பெயிண்டைப் பார்த்தார்கள், மோட்டாரைப் போட்டுச் சத்தம் கேட்டார்கள். இவர் எதையும் போடவில்லை. சக் பக்கத்தில் பெட் மேல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார், தேய்மான விளிம்பு நகத்தில் தட்டியது, தலையை ஆட்டிக்கொண்டார். நான் அந்த நான்கு பக்கத்தை நீட்டினேன். நின்றுகொண்டே முழுதாகப் படித்துவிட்டு, "அப்பா எங்கம்மா?" என்றார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

எல்லாம் சரி, 127 பல் கியர் எங்கே என்றார். சேஞ்ச் கியர் பெட்டியில் மற்றதெல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. இந்த லேத்தில் மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்துகிற திருகு (லீட் ஸ்க்ரூ) அங்குலக் கணக்கு, அதில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட நடுவில் 127 பல் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மில்லி, அதை ஐந்தால் பெருக்கினால்தான் முழு எண் வருகிறது, 127. இதை அவர் விளக்கிச் சொன்னபோதுதான் இத்தனை வருஷம் அந்த எண் அப்பாவின் வாயில் ஏன் வந்துகொண்டே இருந்தது என்று புரிந்தது. கியர் இல்லாததற்கு 4,000 கழித்து 1,08,000க்கு முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிடுகிறேன் என்றார்.

வீட்டில் கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். யாருக்கோ இரவல் கொடுத்திருப்பேன் என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

கிரேன் வந்தது. அப்பா வரமாட்டேன் என்றுதான் சொன்னார், பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ நிற்கிறது. இறங்குவதற்கு முன்னாலேயே கத்தினார், "கேரேஜை டெயில் பக்கம் தள்ளுங்கடா!" லேத்துக்கு சக் இருக்கிற ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம், கேரேஜைத் தள்ளி எடை சமன் செய்யாமல் தூக்கினால் தலைகுப்புறச் சாயும். பையன்கள் தள்ளினார்கள். அப்புறம் டெயில் ஸ்டாக்கைத் தொட்டுத் தடவி, அடியில் தகடு இருக்கிறதா என்று விரலாலேயே பார்த்தார். வாங்கினவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" சொல்லிக்கொண்டிருந்தார். லாரி கிளம்பியதும் அப்பா ஆட்டோக்காரரிடம் எவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

தரையில் பவுண்டேஷன் போல்ட் ஆறும் முளைத்துக்கொண்டு நிற்கின்றன. கட்டிடக்காரர் அதை அறுத்துத் தரையைப் பூசித் தரச் சொல்கிறார். சின்ன லேத் இன்னும் நிற்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

127 கிடைத்துவிட்டது.

வீட்டில் துணி துவைக்கிற கல் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி காற்றில் பறக்கும் என்று அம்மா மேலே கனமாக ஏதோ வைத்திருப்பார். பல வருஷமாகப் பார்க்கிறேன், பாசி பிடித்த வட்டக் கல் என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் மூடியை நகர்த்தும்போது கையில் பல் தட்டியது. தேய்த்துக் கழுவி, சாக்பீஸால் அடையாளம் வைத்து எண்ணினேன், இரண்டு தடவை. அப்பா கட்டிலிலிருந்து, "எண்ணாதே, அதுதான்" என்றார். எப்போது வந்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. "இரும்புதானே, உங்கப்பா எதையாவது கொண்டாந்து போட்டுக்கிட்டே இருப்பார்."

பெருந்துறைக்காரருக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டு, பார்சல் லாரியில் போடுங்க, கையில் கிடைத்த அன்றைக்கே 4,000 அனுப்பிவிடுகிறேன் என்றார். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, பழைய பனியனில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கவலை வேறு. "அப்ப மூடி மேல எதை வைக்கறது?" அப்பா கொஞ்ச நேரம் கழித்து, பட்டறை அலமாரிக்குக் கீழே தாடை உடைந்த சக் ஒன்று கிடக்கும், நாளைக்கு வரும்போது எடுத்து வா என்றார்.