கோழிக் கொட்டகையும் எலி மருந்தும்: பல்லடம் பக்கத்துக் குறிப்புகள்

நவம்பர் 9, ஞாயிறு

நாமக்கல் கோழிகள் வந்து சேர்ந்தன. கூண்டுப் பண்ணையில் முட்டை குறைந்ததும் கழித்துவிடுகிற முட்டைக்கோழிகள். கறிக்குப் போகவேண்டியவற்றை, மாடும் கோழியும் காப்பாற்றி வைத்திருக்கும் நம் காப்பகத்தை நடத்தும் அக்கா பண்ணைக்காரரிடம் பேசி வாங்கிவிட்டார். ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடத்தில், சரிந்த கம்பிமேல் ஒரு வருடத்துக்கும் மேலாக நின்றவை. அலகு நுனியைக் குஞ்சாக இருக்கும்போதே வெட்டியிருக்கிறார்கள். கழுத்தில் இறகே இல்லை. வருடத்துக்கு 300 முட்டை போடும் உடம்பு, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் முறிந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் நெஞ்சோடு அணைத்துத்தான் இறக்கினோம்.

மண்ணில் விட்டதும் நகரத் தெரியாமல் நின்றன. சாயங்காலம் ஒரு கோழி மட்டும் காலால் குழி பறித்துப் புழுதியில் புரண்டது. கூண்டைத் தவிர எதையும் பார்த்திராத பறவைக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. கொட்டகைக்குள் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நவம்பர் 12, புதன்

இரண்டு நாளாக அடைமழை. வரப்பு வளையெல்லாம் தண்ணீர் புகுந்ததில் எலிகள் மேட்டுக்கு, அதாவது நம் தீவன அறைக்கு வந்துவிட்டன. தவிட்டு மூட்டைகள் அடியில் ஓட்டை. பெருச்சாளியும் இருக்கிறது. காலையில் ஒரு கோழியின் விரல் கடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, எலி கடித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டாக்டர் வந்து காயத்துக்கு மருந்து போட்டார். கோழியைவிட மாடுகளைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் வரும், ஈர மண்ணில் பல நாள் உயிரோடு இருக்கும். சினை மாட்டுக்குக் கரு கலையலாம். வெறுங்காலோடு சாணி அள்ளும் நமக்கு வெடிப்பு வழியாக ஏறினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு வரை போகும். "எலியும் உயிர்தான், ஒத்துக்கறேன். ஆனா இப்படியே விட முடியாதுங்க" என்றார்.

செவலை மாட்டுக்கு மூட்டு வீக்கம் குறையவில்லை. மெலாக்சிகாம் என்ற வலி ஊசி போட்டார்.

நவம்பர் 13, வியாழன்

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்து. கருஞ்சாம்பல் தூள், பூண்டு வாடை. முதலில் இரண்டு நாள் வெறும் பொரியை எண்ணெய் பிசறி வைத்துப் பழக்க வேண்டும், மூன்றாம் நாள்தான் மருந்து கலக்க வேண்டும் என்று முறையாகவே சொன்னார். பழக்காமல் வைத்தால் கொஞ்சம் தின்று பிழைத்த எலி அப்புறம் அதைத் தொடாது.

அக்கா மறுத்துவிட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. "மாட்டுக்கும் கோழிக்கும் நீங்க வேலி போட்டுக் காப்பாத்துறீங்க. எங்க மக்காச்சோளத்த யாருங்க்கா காப்பாத்தறது? இங்க எரை போட்டு வளக்கற எலி என்ற காட்டுக்குத்தான் வருது." செவலை ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தபோது முதலில் தண்ணீர் கொடுத்து நமக்குப் போன் செய்தவரே அவர்தான். அவரை இரக்கமில்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனாலும் அந்தப் பொட்டலம் உள்ளே வரக்கூடாது என்பதில் நான் அக்கா பக்கம். அந்தத் தூள் வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயுவாகும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. சிந்திய பொரியைக் கோழி கொத்தினாலும் அதே கதிதான். எலி கேக்கில் வரும் புரோமடியலோன் வேறு வகை. ரத்தத்தை உறையவிடாது, எலி உள்ளே ரத்தம் கசிந்து சாக நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் அது தள்ளாடித் திரியும்போது நம் பூனையோ கூகையோ பிடித்துத் தின்னும். மயிலுக்கு விஷத் தானியம் வைத்துக் கைதானவர்கள் செய்தி கொங்குப் பக்கம் புதிதில்லை. அதே தானியத்தைப் புறாவும் கவுதாரியும் தின்றிருக்கும், அதை யாரும் எழுதுவதில்லை.

நேற்று டாக்டர் செவலைக்கு டைக்ளோஃபெனாக் போடாததற்குக் காரணம் உண்டு. வலி போகட்டும் என்று மாட்டுக்குப் போட்ட ஊசி அது. செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்வதற்குள் நாடு முழுக்க அவை கிட்டத்தட்ட அழிந்துவிட்டன. நம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிக் கொஞ்சம் மிச்சம். கழுகைக் கொல்ல நினைத்து யாரும் ஊசி போடவில்லை. பெற்ற பிள்ளை போலப் பார்க்கும் மாட்டுக்குக் கொடுத்த மருந்தே அவ்வளவு தூரம் போனது என்றால், கொல்வதற்கென்றே வைக்கும் மருந்து எங்கே போய் நிற்கும்?

நவம்பர் 20, வியாழன்

வாரம் முழுக்க ஒரே வேலை. தீவனம் எல்லாம் மூடி போட்ட இரும்பு டிரம்முக்குப் போனது. சுவரோரம் குவிந்திருந்த தென்னை மட்டையை அகற்றினோம், அடியில் வரிசையாக வளை. அரை இன்ச் சந்து இருந்தால் எலி நுழைந்துவிடும் என்பதால் அதைவிடச் சிறிய கண் உள்ள கம்பி வலையைக் கொட்டகையைச் சுற்றி ஒரு அடி ஆழம் புதைத்துக் கட்டினோம். இரவில் தீவனத் தட்டு வெளியே இருக்காது.

பெட்டிப் பொறியில் முதல் நாள் சிக்கியது மூஞ்சூறு. பூச்சி தின்னும் பாவப்பட்ட பிராணி, உடனே விட்டோம். எலிகளை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை. கரட்டில் விட்டுவிடலாம் என்கிறார் அக்கா. பழகாத இடத்தில், வளையும் இரையும் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும். நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். கொன்றே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் டெல்டாக்காரர்கள் வைக்கும் மூங்கில் கிட்டிப் பொறியே மேல் என்பது என் எண்ணம். கழுத்தை நெரித்து அங்கேயே முடித்துவிடும், உடலும் நம் கையில் இருக்கும், வேறு எந்த உயிரும் அதைத் தின்று சாகாது. அக்கா அன்று இரவு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்திருந்தார்.

டிசம்பர் 3, புதன்

எலி நடமாட்டம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. அதன் பிறகு கோழிக்குக் கடி இல்லை. கழுத்தில் ஊசி ஊசியாகப் புது இறகு முளைக்கிறது. மாடுகளுக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார் டாக்டர், முடிவு வரவில்லை.

அண்ணனோடு மறுபடி பேசினோம். வேலியை ஒட்டிய நாலு வரப்பில் மருந்து வைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். அங்கே கூகை உட்கார டி வடிவக் குச்சி நட நாங்கள் ஆள் அனுப்ப வேண்டும். கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் அம்மா முனகினாராம், சமாளித்துக்கொள்கிறேன் என்றார். மேற்குப் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் வரை கேக் வைப்பேன் என்பதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. அது அவருடைய ஒரு போகம். இழந்தால் ஈடு கட்ட எங்களிடம் பணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குச்சி நட வேண்டும். பூனையை உள்ளேயே கட்டி வைத்திருக்கிறோம்.